மூன்றாவது வேண்டாம்

ஆறு நாளாக எனக்குக் காலைச் சாப்பாடு தோற்றுப்போன பிரௌனிதான். ஓரமெல்லாம் செங்கல், நடுவெல்லாம் சேறு. என் மனைவி ஆர்டிஸ் எதையும் குப்பையில் கொட்ட மாட்டாள். பண்ணையில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா வீட்டில் மிஞ்சியதைத் தின்னப் பன்றிகள் இருந்தன. இங்கே நான் இருக்கிறேன்.

அன்று காலை ஏழாவது முயற்சி ஓவனிலிருந்து வெளியே வந்தது. இந்த முறை கண்ணாடி ட்ரே. அடியில் சாக்லேட் மாவு, அதன் மேல் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து அடித்த க்ரீம் சீஸ், அதற்கும் மேல் ராஸ்பெர்ரிக் கூழ். போன ஜூலையில் எங்கள் கார் ஷெட்டுக்குப் பின்னால் பறித்து உறைய வைத்திருந்த பழம். கத்தி முனையால் இழுத்து இழுத்துச் சிவப்புச் சுழி போட்டிருந்தாள். உள்ளே போகும்போது கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது. வெளியே வந்தபோது சீஸ் பாளம் பாளமாக வெடித்திருந்தது, சுழியெல்லாம் பழுப்பாகியிருந்தது, நடுவில் குத்திய குச்சி மட்டும் ஈரமாக வந்தது.

“ட்ரே சரியில்ல,” என்றாள்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“ஓரின், இன்னொரு வார்த்தை பேசின, இதை அப்படியே உன் தலையில கவுத்துடுவேன். கரண்டியை எடு. நடுவுல வெந்துருக்கான்னு தின்னு பாரு.”

தின்றேன். வேகவில்லை.

உண்மையைச் சொன்னால் அவள் பக்கம்தான் நியாயம். ட்ரேதான் காரணம். அவளுடைய பழைய ட்ரே கனத்த அலுமினியம். அடிபட்டு, சூடு தின்று, வருஷக்கணக்கில் கறுத்துப்போனது. அதில் வைத்தால் அடியிலிருக்கும் மாவு வேகிற அதே நேரத்துக்கு மேலிருக்கும் சீஸும் சொல்லிவைத்தாற்போல் இறுகும். ஓரம் மெத்தென்று இருக்கும். கடையில் வாங்கிய பளபளப்பு ட்ரேயில் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். கண்ணாடியில் சூட்டுக்கு ஒரு கணக்கே கிடையாது. அந்தப் பழைய ட்ரே எங்கள் வீட்டில் இல்லை. எங்கே இருக்கிறது என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். போய்க் கேட்கத்தான் வாய் வரவில்லை.

ஒன்பது நாளில், ஜூன் இரண்டாம் சனிக்கிழமை, எங்கள் கடைக்குட்டி சிக்னி பள்ளிப்படிப்பை முடித்ததற்கு விருந்து. கார் ஷெட்டைக் கழுவி, மடக்கு மேசை போட்டு, ஊரையே அழைத்திருந்தோம். அழைப்பு அட்டையில் அவளே ஒரு வரி அச்சடித்துவிட்டாள்: ‘அம்மாவின் ராஸ்பெர்ரி பிரௌனி உண்டு.’ வேறெதுவும் அவள் எங்களிடம் கேட்கவில்லை.

அந்த ஒரு வரி ஆர்டிஸுக்கு எவ்வளவு பெரிது என்று தெரிய வேண்டுமானால் அவள் செய்கிற வேலையைச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருஷமாக எங்கள் ஊர்ப் பள்ளியில் மதியச் சாப்பாடு சமைக்கிறாள். தலையில் வலை, கையில் உறை, முன்னால் நூற்றுக்கணக்கான தட்டு. உருளைக்கிழங்கு மசியல் ஒரு கரண்டி, சோளம் ஒரு கரண்டி. பிள்ளைகள் கரண்டியைப் பார்ப்பார்களே தவிர அவள் முகத்தைப் பார்த்ததில்லை. மூன்றாம் வகுப்பில் சிக்னியை யாரோ ‘வலைத் தலைச்சி மகள்’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அதிலிருந்து பிள்ளை சாப்பாட்டு வரிசையில் அம்மாவைத் தெரியாதவள் மாதிரி குனிந்துகொண்டு போகும். ஆர்டிஸ் அதற்கும் ஒரு கரண்டி வைப்பாள். வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொல்வாள்.

அந்த வருஷம் சிக்னியின் பிறந்தநாளுக்கு ஆர்டிஸ் அந்தக் கறுத்த ட்ரே நிறைய ராஸ்பெர்ரி பிரௌனி சுட்டு வகுப்புக்கு எடுத்துப்போனாள். பிள்ளைகள் ட்ரேயை விரலால் வழித்து நக்கினார்களாம். மறுநாளிலிருந்து சாப்பாட்டு வரிசையில் ‘ஹாய் ஆர்டிஸ்’, ‘மறுபடி எப்ப ஆர்டிஸ்’ என்று ஒரே சத்தம். சிக்னியும் நிமிர்ந்து வந்து, “எனக்கு ரெண்டு கரண்டி போடும்மா,” என்றாளாம். சனிக்கிழமை விருந்துக்கு வரப்போவது அதே பிள்ளைகள்தான். பள்ளியை விட்டுப் போகிற பிள்ளைகள். அவர்கள் வாயில் கடைசியாக இந்தச் செங்கல்லையா வைப்பது என்பதுதான் அவளுடைய கவலை.

ட்ரே போன கதை ஏப்ரலில் நடந்தது. எங்கள் சர்ச்சுக்கு வரும் பெரியவர் ஹில்மர் டோஃப்டியை அடக்கம் பண்ணிய அன்று, வழக்கம்போல் சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பெண்கள் ஆளுக்கொரு ட்ரே கொண்டுவந்தார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே கடை. எங்கள் ஊரில் அந்தக் காலத்துக் கல்யாணத்துக்கு மூன்று பேராவது இதே ட்ரேயைத்தான் தருவார்கள். கலந்துவிடக் கூடாதென்று அடியில் காகித டேப் ஒட்டிப் பெயர் எழுதுவது வழக்கம். ஆர்டிஸ் பழைய டேப்பை உரிக்காமல் வருஷத்துக்கொரு புது டேப்பை அதன் மேலேயே ஒட்டுவாள். அன்று சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, ட்ரேக்களை மேசையில் அடுக்கியபோது அவளுடையது மட்டும் இல்லை.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து காபி குடிக்கிற நேரத்தில், லவோன் பிரெக்கி புளிப்பு ருபார்ப் தண்டு போட்ட கேக் கொண்டுவந்து வைத்தாள். ஆர்டிஸ் அந்த ட்ரேயைப் பார்த்தாள். வலது மூலையில் நசுங்கல். கட்டைவிரல் வைத்தால் உட்காருகிற அளவு.

“நல்லா இருக்கு, லவோன்,” என்றாள் ஆர்டிஸ். ஒரு துண்டு எடுத்துத் தின்றும் தொலைத்தாள். கார் கதவைச் சாத்தின பிறகுதான் வெடித்தாள்.

“என் ட்ரே ஓரின்! அந்த மூலையைப் பாத்தியா? பெத்த புள்ளையை அடையாளம் தெரியாமப் போயிடுமா எனக்கு? என் ட்ரேல கேக்கைச் சுட்டு எனக்கே நீட்டுறா! எவ்ளோ நெஞ்சழுத்தம் பாரு!”

“அங்கேயே கேக்க வேண்டியதுதானே?”

“எப்படிக் கேக்கறது? சர்ச்சுல, எல்லாரும் காபி குடிச்சிட்டு நிக்கறப்ப, நீங்க எடுத்துட்டுப் போனது என்னோடதுன்னா? அப்புறம் அவ மூஞ்சியில எப்படி முழிக்கறது?”

“எடுத்தவ அவ. அவதானே உன் மூஞ்சியில முழிக்கச் சங்கடப்படணும்?”

“உனக்கு ஒண்ணும் புரியாது. வண்டியை எடு.”

புரியாமல் என்ன! நானும் இந்த மண்ணில் பிறந்தவன்தான். இங்கே யாரும் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் ‘வித்தியாசமா இருக்கு’ என்பார்கள். பசியோடு போனவனும் காபி வேண்டுமா என்றால் இரண்டு தடவை வேண்டாம் சொல்லி, மூன்றாவது தடவைதான் ‘சரி, அரைக் கப்’ என்பான். மூன்று தடவை கேட்காத வீட்டில் பட்டினியோடு திரும்ப வேண்டியதுதான். ட்ரேயில் கடைசித் துண்டை எடுக்கிற துணிச்சலும் யாருக்கும் கிடையாது. ஒருவர் பாதி வெட்டுவார், அடுத்தவர் அதில் பாதி வெட்டுவார், கடைசியில் ஒரு பட்டாணியளவு மிஞ்சி உலர்ந்து கிடக்கும். இப்படிப்பட்ட ஊரில் பூனைக்கு மணி கட்டுவது யார்?

மே மாதம் ஆர்டிஸ் ஒரு பாட்டில் ராஸ்பெர்ரி ஜாமோடு பிரெக்கி வீட்டுக்குக் கிளம்பினாள். ட்ரேயோடுதான் திரும்புவது என்று சபதம் வேறு. நானும் கூடப் போனேன். லவோன் எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவள், ஒல்லியான, மெதுவான பேச்சுக்காரி. முதலில் காபி வேண்டாம், பிறகும் வேண்டாம், பிறகு அரைக் கப். மழை. மழைக்கு முந்தின மழை. சர்க்கரை பீட்ரூட் விதைப்பு. ஒரு மணி நேரம் கழித்து ஆர்டிஸ் மெல்ல ஆரம்பித்தாள்.

“சிக்னி விருந்துக்கு பிரௌனி போடணும். இப்ப எனக்கு ட்ரேயே சரியா அமைய மாட்டேங்குது, லவோன்.”

லவோன் கப்பைக் கீழே வைத்தாள். ஆர்டிஸையே பார்த்தாள். “ஆமா. நல்ல ட்ரே கெடைக்கறது கஷ்டம்தான்.”

“பழசு மாதிரி வராது.”

“வராது,” என்றாள் லவோன். “பழசு பழசுதான்.”

இரண்டு பேரும் மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ வரப்போகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். லவோன் எழுந்து, “இன்னும் கொஞ்சம் காபி ஊத்தவா?” என்றாள். வாசலில் நின்று விடைபெறவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அப்போதும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

“திருடி!” என்றாள் ஆர்டிஸ், வண்டி தெருமுனை திரும்பியதும். “எப்படிச் சிரிச்சா பாத்தியா? பழசு பழசுதானாம்! என் ஜாமையும் வாங்கி வெச்சிக்கிட்டா!”

“நீதானே குடுத்த!”

“வாங்குவான்னு யாருக்குத் தெரியும்?”

ஆண்பிள்ளைகளாவது பேசித் தீர்க்கலாம் என்று லவோனின் கணவன் கேலனைக் காபிக் கடையில் பிடித்தேன். நாற்பது வருஷப் பழக்கம். நானும் அவனும் ஒரே வயலில் பீட்ரூட் லாரி ஓட்டியவர்கள். “கேலன், இந்த ட்ரே விஷயம்…” என்று ஆரம்பித்தேன். அவன் காது நுனி சிவந்துவிட்டது. கப்புக்குள்ளேயே பார்த்தான். சன்னலைப் பார்த்தான்.

“காத்து வடமேற்குலேருந்து அடிக்குது,” என்றான்.

“ஆமா,” என்றேன். “நாலு நாளா அப்படித்தான்.” எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் ஆர்டிஸிடம் இதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைவிட அந்தக் கண்ணாடி ட்ரேயைத் தலையில் கவிழ்த்திருக்கலாம்.

மே கடைசி வாரத்திலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு முயற்சி. சூட்டைக் குறைத்தாள், கூட்டினாள். ட்ரேயைத் தண்ணீர் ஊற்றிய இன்னொரு ட்ரேக்குள் வைத்துப் பார்த்தாள். ஈரத்துணியைச் சுற்றி வைத்தாள். க்ரீம் சீஸ் குளிர்ந்திருந்ததா, முட்டை பெரிதா என்று நோட்டில் எழுதி எழுதி அடித்தாள். எட்டாவது முயற்சியில் சிக்னி ஒரு துண்டு தின்றாள். மென்றாள். அம்மா முகத்தைப் பார்த்தாள்.

“நல்லா இருக்கும்மா,” என்றாள். பிறகு, “கொஞ்சம்… வித்தியாசமா இருக்கு.”

ஆர்டிஸ் கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கி, துடைத்து, மீதியை வரிசையாக வெட்டினாள். யாரும் தின்னப்போவதில்லை என்று தெரிந்தும் அளவு பிசகாமல் வெட்டினாள். பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்குக் கேட்டது.

அடுத்து வந்த வியாழக்கிழமை, விருந்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது, எனக்குப் பொறுமை போய்விட்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் எல்லாருக்கும் வாய் இருக்கிறது, காபி குடிக்க மட்டும் திறக்கிறார்கள். “வண்டியில ஏறு,” என்றேன். “நான் கேக்கறேன்.”

“மானத்தை வாங்காத ஓரின்!”

“உன் மானம் இருக்கட்டும். வயித்துல இனிமே எடமில்ல எனக்கு.”

பிரெக்கி வீட்டு வாசலில் ஆர்டிஸ் இறங்க மறுத்துவிட்டாள். வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து எதிரில் இருந்த தானியக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனேன். லவோன், “காபி…?” என்று ஆரம்பித்தாள்.

“காபி வேண்டாம் லவோன். உண்மையாவே வேண்டாம். ஆர்டிஸோட ட்ரே உங்ககிட்ட இருக்கு. சனிக்கிழமை எங்களுக்கு வேணும். குடுங்க.”

சொல்லிவிட்டேன். சமையலறையில் கேலன் கையிலிருந்த செய்தித்தாளை மெல்ல உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான்.

லவோன் கோபப்படவில்லை. ஒரு மாதிரி ஆறுதலாகப் பெருமூச்சு விட்டாள். அலமாரியைத் திறந்து ட்ரேயை எடுத்து, மேசையில் கவிழ்த்து வைத்தாள். டேப் எதுவும் இல்லை. கரியெல்லாம் தேய்த்து எடுத்திருந்தாள். நடுவில் உளியால் செதுக்கிய எழுத்து: லவோன் – கேலன், 14 ஜூன் 1975.

“எங்க கல்யாணத்துக்கு என் தம்பி டுவைட் குடுத்தது,” என்றாள். “லேத்துப் பட்டறையில வேலை பாத்தான். அவனே செதுக்கினான். அடுத்த வருஷம் போயிட்டான். அவன் கை பட்டதுன்னு எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். அந்த நசுங்கல், கேலன் டிராக்டர் கொக்கி மேல போட்டது.”

எனக்குத் தொண்ணூற்றேழாம் வருஷத்து வெள்ளம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. ஆண்கள் இரவு பகலாக மணல் மூட்டை அடுக்கினோம். பெண்கள் மேட்டிலிருந்த சர்ச்சில் எங்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். மூன்று வாரம். முப்பது நாற்பது ட்ரே. டேப்பெல்லாம் ஈரத்தில் உரிந்து போயிற்று. தண்ணீர் வடிந்ததும் ஆளாளுக்குத் தன்னுடையது என்று தோன்றியதை எடுத்துப்போனார்கள். ஆர்டிஸும் ஒன்றை எடுத்து வந்து, கரியேறிய அடியில் பெயரை ஒட்டினாள். நசுங்கியிருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, வெள்ளத்தில் அடிபட்டிருக்கும் என்றாள். அவளுடைய கல்யாண ட்ரே எங்கே போயிற்றோ.

“அப்ப பத்தொன்பது வருஷமா…” என்றேன்.

“அவ கொண்டுவந்து வைக்கறப்பல்லாம் பாப்பேன். ஒவ்வொரு சாவுக்கும், ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும்.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே லவோன்!”

“எப்படிக் கேக்கறது?” என்றாள். “உங்க வீட்டுக் கீழ்த்தளம் முழுக்க தண்ணி. அவ வாயும் வயிறுமா இருந்தா, சிக்னி வயித்துல. அந்த நேரத்துல போயி ட்ரேயைக் குடுன்னா? அப்புறம் வருஷம் ஓடிப்போச்சு. பத்து வருஷம் கழிச்சுக் கேட்டா, இத்தனை நாள் ஏன் கேக்கலன்னு ஆயிடும். ஏப்ரல்ல கழுவற தொட்டியில என் கைக்கே வந்துச்சு. சுடுதண்ணியில டேப்பெல்லாம் கொத்தா உரிஞ்சு வந்துடுச்சு. எடுத்துட்டு வந்துட்டேன். அவ வந்து கேப்பா, கேட்டா காட்டலாம்னு இருந்தேன். ஜாமைக் குடுத்துட்டுப் போயிட்டா.”

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேலன் இருமினான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இவள் மேலா, அவள் மேலா, காற்றைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்த என் மேலா?

லவோன் ட்ரேயை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஆர்டிஸ் வண்டிக் கண்ணாடியை இறக்கினாள். தயாராக வைத்திருந்த சிரிப்பு ஒன்று முகத்தில் இருந்தது. லவோன் ட்ரேயைக் கவிழ்த்தபடியே சன்னல் வழியாக அவள் மடியில் வைத்தாள்.

ஆர்டிஸ் படித்தாள். விரலால் எழுத்தைத் தடவினாள். ட்ரேயைத் திருப்பி, அந்த நசுங்கிய மூலையில் கட்டைவிரலை வைத்தாள். அவள் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்துகொண்டே போனதை நான் பார்த்தேன்.

“எடுத்துட்டுப் போ ஆர்டிஸ்,” என்றாள் லவோன். “சனிக்கிழமை உனக்கு வேணும்.”

“வேண்டாம்,” என்றாள் ஆர்டிஸ்.

“அட, எடுத்துட்டுப் போ. நான் என்ன பண்ணப்போறேன் இதை வெச்சிக்கிட்டு?”

“வேண்டாம் லவோன்.”

அப்பாடா என்றிருந்தது எனக்கு. இரண்டு முடிந்தது. இன்னொரு தடவை கேட்டால் சரி என்பாள், வீட்டுக்குப் போகலாம், ஓவனைப் பற்றவைக்கலாம், பிள்ளைக்கு விருந்து நடந்துவிடும். லவோனும் எங்கள் ஊர்க்காரிதானே. முறைப்படி மூன்றாவது தடவையும் கேட்டாள்.

“புள்ளை ஆசையாக் கேட்டிருக்கா. அவளுக்காகவாவது எடுத்துட்டுப் போ.”

ஆர்டிஸ் ட்ரேயை இரண்டு கையாலும் தூக்கி சன்னல் வழியாக நீட்டினாள். “வேண்டாம் லவோன்,” என்றாள்.

எங்கள் ஊரில் மூன்றாவது வேண்டாமை நான் அதுவரை கேட்டதில்லை. லவோனும் கேட்டிருக்க மாட்டாள். ட்ரேயை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஆர்டிஸிடமிருந்து அன்று வந்த மன்னிப்பு அவ்வளவுதான். அவளுக்கு அதற்கு மேல் வராது, லவோனுக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

பாதி வழியில்தான் ஆர்டிஸுக்குப் பேச்சு வந்தது. “அவ முன்னாலயே கொண்டுபோய் வெச்சிருக்கேன் ஓரின். ‘எடுத்துக்கங்க லவோன், என் ட்ரேல செஞ்சா ருசியே தனி’ன்னு சொல்லியிருக்கேன். பல தடவை. அவ எடுத்துத் தின்னுட்டு நன்றின்னு சொல்லுவா.” பிறகு, “திருடின்னேன் அவளை,” என்றாள். அழுகையை இந்த முறை குழாய்த் தண்ணீரில் மறைக்க வழியில்லை.

வெள்ளிக்கிழமை கண்ணாடி ட்ரேயிலேயே இரண்டு தடவை சுட்டாள். ஓரத்தை வெட்டி எறிந்துவிடலாம் என்று யோசனை சொன்னேன். ஓரத்தை வெட்டினால் மிஞ்சுவது சேறு என்றாள். வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்த கதை எங்கள் வீட்டில் நடந்தது.

சனிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. ஷெட் நிறையக் கூட்டம். பன்றித் தொடைக்கறி வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், சிக்னியின் சின்ன வயதுப் படங்கள் ஒட்டிய பலகை. மேசையின் நடுவில் பிரௌனி. ஆர்டிஸ் பள்ளியில் நிற்பதுபோலவே மேசைக்குப் பின்னால் நின்றாள். சிக்னியின் கூட்டாளிகள் வந்தார்கள், “ஆர்டிஸ் பிரௌனி!” என்று கத்தினார்கள், எடுத்தார்கள், கடித்தார்கள். சத்தம் அடங்கியது. “வித்தியாசமா இருக்கு, ஆர்டிஸ்,” என்றான் ஒருவன், மரியாதையாக. மீதியைத் தாள் கைக்குட்டையில் மடித்து ஒளிப்பதை நான் பார்த்தேன். ஆர்டிஸும் பார்த்தாள். சிக்னி மட்டும் அம்மா பக்கத்தில் நின்று, இரண்டாவது துண்டை எடுத்து, மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தின்றுகொண்டிருந்தாள். அவள் தின்பதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்று மணி வாக்கில் லவோனும் கேலனும் வந்தார்கள். லவோன் சிக்னியை அணைத்துக்கொண்டாள். நேராக மேசைக்கு வந்து, ஒரு மூலைத் துண்டை எடுத்தாள். மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள். ஆர்டிஸ் அந்தச் சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

“ஆர்டிஸ்,” என்றாள் லவோன், “இது நல்லா இல்ல.”

பக்கத்தில் சாலட் எடுத்துக்கொண்டிருந்த பாதிரியாரின் மனைவி கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

“தெரியும்,” என்றாள் ஆர்டிஸ்.

“ஓரம் கருகிப்போச்சு. நடுவுல வேகவே இல்ல.”

“ஆமா. வேகல.”

“திங்கக்கிழமை எங்க வீட்டுக்கு வா. ட்ரே அங்க இருக்கு. பழத்தை மட்டும் எடுத்துட்டு வா. சிக்னியையும் அவ கூட்டாளிங்களையும் அங்க வரச் சொல்லு, சுடச்சுடத் தின்னட்டும்.”

நான் மனதுக்குள் எண்ணத் தயாரானேன். இப்போது முதல் வேண்டாம் வரும். பிறகு இரண்டாவது. அதற்குள் கேலனோடு இரண்டு கப் காபி குடித்து முடித்துவிடலாம்.

“சரி,” என்றாள் ஆர்டிஸ். “எத்தனை மணிக்கு?”

“ஒன்பது,” என்றாள் லவோன்.

கேலன் என் காதோரம் குனிந்தான். காற்று வடமேற்கிலிருந்து அடிக்கிறது என்றான். நான் அவன் கையில் ஒரு பிரௌனியைத் திணித்து, அவன் முழுதாகத் தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.